பிலோமினா டீச்சரின் நிதானம்

அமலதாஸுக்குச் சத்தம் ஆகாது. பாலக்கரையில் இருக்கும் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் நுழைகிறவர்கள்கூடத் தாமாகவே குரலைத் தணித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மனுஷன் கட்டிக்கொண்டது பிலோமினாவை. அவள் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் ஒரு கோடியில் நின்று கத்தினால் மறுகோடியில் தூங்கும் நாய் எழுந்து வரிசையில் நிற்கும். வீட்டிலும் அதே தொண்டைதான். ரசத்தில் புளி கூடினாலும், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை வாசலை அடைத்து நிறுத்தினாலும், டி.வி.யில் யாரோ ஒரு மருமகள் ஏமாந்துபோனாலும் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அவள் சண்டை போடுவாள், இவர் தோற்பார். அவள் அழுவாள், இவர் துண்டை எடுத்துக் கொடுப்பார். அவள் சிரித்தால் இவர் உதட்டோரம் லேசாக இழுத்துக்கொள்ளும். பார்த்தவர்கள் "பாவம் அமலதாஸ்" என்றார்கள். அவர் ஒருநாளும் தன்னைப் பாவமாக நினைத்ததில்லை. தனக்கும் சேர்த்து ஒருத்தி பேசிவிடுகிறாள் என்பதில் அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது.

திருச்சியில் ஓட்டுநர் இல்லாத ஆட்டோக்கள் ஓட ஆரம்பித்த காலம் அது. பிலோமிக்கு அவற்றைக் கண்டாலே பிடிக்காது. எவ்வளவு திட்டினாலும் அவை திருப்பித் திட்டுவதில்லை என்பதுதான் காரணம். ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டிய ஆட்டோ ரொம்பத் தூரம் தள்ளிப்போய் நின்றது. வெயிலில் நடந்துபோய் அதைப் பிடித்தவள் கதவைத் திறந்ததும் தொடங்கினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தங்கள் கருத்துக்கு நன்றி" என்றது ஆட்டோ.

"யாருக்குடி வேணும் உன் நன்றி?" என்று கையை ஓங்கியவள் அப்படியே சரிந்து சாலையில் விழுந்தாள்.

ஆம்புலன்ஸை அழைத்தது அந்த ஆட்டோதான். வேறு சமயமாக இருந்தால் பிலோமி அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாசம் சிரித்திருப்பாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மெஹருன்னிசா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தார். நிதானமாகப் பேசுகிற, நடுத்தர வயதுப் பெண்மணி.

"டீச்சருக்கு இதயத் தசை தடிச்சுப்போயிருக்கு சார். பிறவியிலேயே வர்றது. இத்தனை வருஷம் தெரியாமலே ஓடியாடிட்டு இருந்திருக்காங்க. இனிமே துடிப்பு திடீர்னு எகிறினா தாளம் தப்பிடும். தாளம் தப்பினா…" என்று நிறுத்தி, "நடக்கலாம், மாடிப்படி மெதுவா ஏறலாம், எல்லாம் செய்யலாம். திடீர்னு வர்ற கோபம், பயம், சந்தோஷம், அழுகை, இதுங்கதான் ஆபத்து" என்றார்.

அமலதாஸ் மனைவியைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். "டாக்டர், திடீர்னு வராதது இவகிட்ட எதுவுமே இல்லையே" என்றார்.

பிலோமி படுக்கையிலிருந்தபடியே சிரித்தாள். கட்டிலுக்கு மேலிருந்த இயந்திரம் கீச்சென்று கத்தியது. சிரிப்பு பாதியில் நின்றது.

"அதுக்குத்தான் நிதானின்னு ஒரு கருவி வந்திருக்கு" என்றார் டாக்டர். "தோள்பட்டை எலும்புக்குக் கீழ வைப்போம். ரெண்டு வேலை அதுக்கு. தாளம் தப்பினா உடனே ஒரு அதிர்ச்சி கொடுத்துச் சரிபண்ணும். அது உடனே வேலை செய்ய ஆரம்பிச்சிடும். இன்னொண்ணு, தாளம் தப்பாமலே பாத்துக்கறது. முக்கொம்பு அணையில மதகு இருக்குல்ல? மேல எவ்வளவு வெள்ளம் வந்தாலும் இந்தப் பக்கம் அளவாத்தானே விடுறாங்க. மூளையிலேர்ந்து இதயத்துக்குப் போற நரம்புல அந்த மாதிரி ஒரு மதகு. அதைப் புண் ஆறின பிறகுதான் போடுவோம். ஆறு வாரம் ஆகும்."

"அப்போ எனக்குக் கோபமே வராதா?" என்று கேட்டாள் பிலோமி.

"வரும். ஆனா உடம்பு அதுக்கு ஒத்து ஊதாது. உடம்பு ஒத்து ஊதலைன்னா கொஞ்ச நாள்ல மனசும் விட்டுடுது. சிலர் நிம்மதியா இருக்குங்கிறாங்க. சிலர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு வேடிக்கை பாக்கற மாதிரி இருக்குங்கிறாங்க. முன்கூட்டியே சொல்லிட்டேன்."

"கண்ணாடிதானே? எங்க வீட்டுக்காரர் துடைச்சுக் கொடுத்துடுவார்" என்றாள் பிலோமி. ஆனால் அவள் கை அமலதாஸின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. முப்பது வருஷத்தில் வெளியாட்கள் முன்னால் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கையின் குளிர்ச்சியில் அவருக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது.

கருவி வைத்து அனுப்பும்போது அமலதாஸுக்கும் ஒன்று கொடுத்தார்கள். கைக்கடிகாரம் போல ஒரு பட்டை. பிலோமியின் இதயம் எப்படித் துடிக்கிறதோ அப்படியே அவருடைய மணிக்கட்டில் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். துடிப்பு எல்லை தாண்டினால் சுளீரென்று அதிரும். நோயாளியின் வீட்டார் நிம்மதிக்காக என்று சொன்னார்கள்.

அந்தப் பட்டை அவருக்கு நிம்மதியைத் தவிர மற்றதையெல்லாம் கொடுத்தது. கடையில் ஒருவருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மணிக்கட்டு அதிரும். போன் போடுவார். "ஒண்ணுமில்லைங்க, பால் பொங்கிடுச்சு, ஓடினேன்" என்பாள். மறுபடி அதிரும். "பூனைங்க" என்பாள். அவர் வீட்டில் ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தார். டி.வி. சீரியல் நின்றது. அழைப்பு மணியைக் கழற்றினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் தனியாகப் போய், வண்டியைத் தள்ளி நிறுத்தும்படி கெஞ்சினார். ஓசூரில் இருக்கும் மகள் ஷெரினிடம், "நல்ல சேதியா இருந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லும்மா, நான் பக்குவமா சொல்லிக்கறேன்" என்றார். பிலோமி விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தாள். அதற்கு அவள் ஒரு நாள் முழுக்க அழுதாள். அந்த நாள் முழுக்க இவர் மணிக்கட்டு அதிர்ந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து, "வேணாம் பிலோமி, அடக்கிக்கோ, அடக்கிக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஏன் அழுகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஐந்தாவது வாரத்தில் ஒரு மத்தியானம். பட்டை அதிர்ந்தது, நிற்கவில்லை, மேலும் மேலும் அதிர்ந்தது. போனை எடுக்கவில்லை அவள். அமலதாஸ் பரிசோதனை நாற்காலியில் இருந்தவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெரு. செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழாத குறையாகப் போனார்.

பிலோமி சோபாவில் சாய்ந்துகொண்டு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் அவள் தம்பி சவரி. மணப்பாறையில் இருப்பவன், அக்காவைப் போலவே பெரிய தொண்டை. யாரோ பாதிரியார் ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பதில் தாத்தா தலையில் தண்ணீர் ஊற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பிலோமிக்குக் கண்ணில் நீர் வழிகிற சிரிப்பு. நிலைப்படியில் கணவர் வந்து நின்றதைப் பார்த்தாள். வியர்வையில் நனைந்த சட்டை, ஒற்றைச் செருப்பு, சாம்பல் பூத்த முகம். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அப்புறம் பேசறேன்டா" என்று அவள் போனை வைத்தாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பரிசோதனை அறைக்குள் நோயாளிக்கு மட்டும்தான் அனுமதி. அமலதாஸ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செபமாலை உருட்டினார். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்த பிலோமி, "முடிஞ்சுதுங்க, போலாம்" என்றாள்.

அன்றிலிருந்து பட்டை அதிரவில்லை.

முதல் மாசம் அமலதாஸ் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதை நிறைவேற்றினார். மெஷின் வேலை செய்கிறது. மணிக்கட்டில் சீராகத் தட்டுகிறது. இவர் கடையில் நிம்மதியாக உட்கார்ந்தார், நன்றாகத் தூங்கினார்.

அப்புறம் மெல்ல மெல்ல வீட்டில் என்ன குறைகிறது என்று தெரிய ஆரம்பித்தது. ரசத்தில் உப்பே இல்லாத ஒரு நாள், அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஓ, அப்படியா, போட்டுக்கோங்க" என்று உப்பு ஜாடியை நகர்த்தினாள். பக்கத்து வீட்டு வண்டி மறுபடியும் வாசலை அடைத்து நின்றது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு போனாள். ஷெரினுக்கு வேலையில் பதவி உயர்வு என்று சேதி வந்தபோது, அமலதாஸ் பக்குவமாக, மூன்று தடவை பீடிகை போட்டுச் சொன்னார். "நல்லது" என்றாள் பிலோமி. கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நிற்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். முன்பெல்லாம் அவள் பள்ளிக்கூடத்துக் கதைகளைக் கொட்டுவாள், இவர் தலையாட்டுவார். இப்போது கதையும் இல்லை, தலையாட்டலும் இல்லை. ஏதாவது பேச வேண்டும் என்று இவர்தான் தேடுவார். பேசிப் பழக்கமில்லாதவர். "இன்னிக்கு ஒருத்தர் வந்தார், மைனஸ் ஒன்பது" என்பார். "ம்" என்பாள். அவ்வளவுதான். தட்டில் கை படும் ஓசை மட்டும் கேட்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவியின் இதயம் தன் கையில் துடிப்பது தெரிகிறது. அவள் என்ன நினைக்கிறாள் என்பது மட்டும் தெரியவில்லை. சத்தம் ஆகாத அந்த மனுஷன், கடையை அடைத்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் காந்தி மார்க்கெட் பக்கம் போய் வெங்காய மண்டி இரைச்சலில் நிற்க ஆரம்பித்தார்.

லீவுக்கு வந்த ஷெரின் இரண்டு நாள் பார்த்தாள். பிறகு அப்பாவைக் கடையில் தனியாகப் பிடித்தாள்.

"அம்மா எங்கப்பா?"

"வீட்லதாம்மா இருக்கா."

"அது யாரோ. நான் வேணும்னே அம்மாவுக்குப் பிடிக்காத சட்டையைப் போட்டுக்கிட்டு நின்னேன். நல்லா இருக்குங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்குப்பா."

"உசுரோட இருக்காளேம்மா" என்றார் அமலதாஸ்.

அவர் சொன்னது அவருக்கே போதாத பதிலாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் சவரி இறந்துபோனான். அவனுக்கு இதயத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. ஈர ரோட்டில் வண்டி சறுக்கி விழுந்தான். சேதி அமலதாஸுக்குத்தான் முதலில் வந்தது. எப்படிச் சொல்வது என்று வாசலிலேயே நின்றவரைப் பார்த்து பிலோமியே கேட்டாள். "யாருங்க?"

சொன்னார். சொல்லும்போது வலது கையால் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள், விட்டாள். பட்டை அதே கதியில் தட்டியது.

"கறுப்புப் புடவை இஸ்திரி போடணும்" என்றாள்.

மணப்பாறைக் கல்லறைத் தோட்டத்தில் தூறலில் பெட்டியை இறக்கினார்கள். சவரியின் மனைவி மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். கூடப்பிறந்த அக்கா குடை பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். குழிக்குள் ஒரு பிடி மண் போடச் சொன்னார்கள், போட்டாள். பின்னால் யாரோ ஒரு பெண், "தூக்கி வளர்த்த அக்கா, கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வருதா பாரு" என்றது அமலதாஸ் காதில் விழுந்தது. அவருடைய மணிக்கட்டில், பூங்காவில் உலாவுகிறவரின் துடிப்பு போல, ஒரு துடிப்பு சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்தான் அழுதார். மச்சானுக்காக அழுகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த மாசம் பரிசோதனைக்குப் போனபோது அவர் வெளியே பெஞ்சில் உட்காரவில்லை. நர்ஸ் தடுத்தும் கேட்காமல் மனைவிக்குப் பின்னாலேயே உள்ளே நுழைந்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம். எனக்கு ஒரே ஒரு கேள்வி."

"உட்காருங்க சார்."

"அந்த மதகைக் கொஞ்சம் தளர்த்த முடியுமா? ரொம்ப வேணாம். கொஞ்சமா அழற அளவுக்கு. உப்பில்லைன்னு சொன்னா என்னைத் திட்டற அளவுக்கு." நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வந்தார். "ஆபத்துன்னு தெரியும். நான் படிச்சவன் இல்ல டாக்டர். ஆனா இது… இவ என்கூட இல்ல. நான் ஒரு மெஷின்கூடக் குடித்தனம் பண்றேன்."

டாக்டர் மெஹருன்னிசா அவரைப் பார்க்கவில்லை. பிலோமினாவைப் பார்த்தார்.

"டீச்சர், இது நீங்க சொல்ல வேண்டியது" என்றார்.

பிலோமி மடியில் வைத்திருந்த கைப்பையின் வாரை முறுக்கினாள். "அது ஓடலைங்க" என்றாள்.

"எது?"

"மதகு. அதைப் போடவே இல்ல."

அமலதாஸுக்கு விளங்கவில்லை. டாக்டர்தான் தொடர்ந்தார். "தாளம் தப்பினா காப்பாத்தற பகுதி வேலை செய்யுது சார். நரம்பைக் கட்டுப்படுத்தற பகுதியை அன்னிக்குப் போடறதா இருந்தோம். டீச்சர் வேண்டாம்னாங்க. எனக்கு ஒரு மாசம் கொடுங்க, நானே அடக்கிக் காட்டறேன், முடியலைன்னா போடுங்கன்னு கேட்டாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. ஒரு மாசம் கழிச்சுப் பாத்தேன், துடிப்பு ஒரே கோடா இருந்துச்சு. இதுவரைக்கும் நான் அப்படிப் பாத்ததில்ல."

"ஓட்டப்பந்தயத்துக்குப் புள்ளைங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கறதுதாங்க" என்றாள் பிலோமி. "மூச்சைப் பிடிச்சு, எண்ணி விட்டா துடிப்பு இறங்கும். ஏதாவது மேல வருதுன்னு தெரிஞ்சாலே பிடிச்சிடுவேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"மெஷின் பாத்துக்குதுன்னு நினைச்சாத்தானே நீங்க தூங்குவீங்க? நான் பாத்துக்கறேன்னு சொன்னா நம்புவீங்களா?" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு சவரி பேசிட்டு இருந்தப்ப நீங்க வாசல்ல வந்து உட்கார்ந்தீங்களே, அந்த மூஞ்சி. எனக்கு நெஞ்சு வலிச்சு செத்தாக்கூடப் பரவாயில்ல, நான் சிரிச்சா இந்த மனுஷனுக்கு இப்படி ஆகுதுன்னா, இனி எனக்குச் சிரிப்பு வேணாம்னு முடிவு பண்ணேன்."

"சவரிக்குக்கூடவா?" என்றார் அமலதாஸ்.

"மண்ணு போடறப்ப உங்க கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பட்டையை."

டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "சார், அந்தப் பட்டை உங்களுக்காகத்தான் கொடுத்தது. டீச்சர் உடம்புக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆபத்துன்னா உள்ள இருக்கற கருவி தானா பாத்துக்கும், எங்களுக்கும் தகவல் வந்துடும். பாத்துக்கும்னு சொல்றேனே தவிர, எல்லாத் தடவையும் ஜெயிக்கும்னு சொல்ல மாட்டேன்."

"அழுதா செத்துடுவாளா?"

"சாகலாம். சாகாமலும் இருக்கலாம். என்னால அவ்வளவுதான் சொல்ல முடியும்."

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அமலதாஸ் கத்தினார். அவர் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. "உன்னை யாரு கேட்டா? எனக்காக நீ ஏன் முடிவு பண்ணே? இத்தனை மாசமா நான் செத்துக்கிட்டு இருந்தேன்டி! உனக்கு மெஷின் வெச்சுக் கெடுத்துட்டேன்னு செத்துக்கிட்டு இருந்தேன்!" ஓட்டுநர் இல்லாத ஆட்டோ, "பயணியருக்கு உதவி தேவையா?" என்று கேட்டது. "வாயை மூடு!" என்றார். கத்தி முடித்ததும் மூச்சிரைத்தது. பட்டையைப் பிடுங்கிக் கழற்றினார். தோலில் அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

பிலோமி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இனி கத்து, அழு, சிரி, என்ன வேணாலும் பண்ணு" என்றார் அவர்.

"வரலைங்க" என்றாள் அவள். "அதுதான் நான் உங்ககிட்ட சொல்லாத இன்னொண்ணு. மூச்சைப் பிடிச்சுப் பிடிச்சு, இப்பல்லாம் பிடிக்கறதுக்கே ஒண்ணும் வர்றதில்ல. சவரிக்கு அழணும்னு போன வாரம் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்தேன். நீங்க கடையில இருந்தீங்க. மூச்சைப் பிடிக்கக்கூட இல்ல. சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எந்திரிச்சு அரிசி களைஞ்சேன்."

ஆகவே பட்டையைக் கழற்றியதால் ஒன்றும் மாறிவிடவில்லை. அமலதாஸ் அழைப்பு மணியைத் திரும்ப மாட்டினார். சீரியலைப் போட்டுவிட்டார், இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள், ஒரு மருமகள் ஏமாந்தாள், யாரும் எதுவும் சொல்லவில்லை. வேண்டுமென்றே ரசத்தைக் குறை சொன்னார். அவள் பரிதாபமாகப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றாமல் இருந்தார்கள், அது மட்டும்தான் புதிது. அதிலும் ஒரு தனிமை இருந்தது. முன்பு மெஷினைக் குறை சொல்லலாம். இப்போது குறை சொல்லவும் யாரும் இல்லை. பட்டை இல்லாத கை கடையில் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் ஒரு மத்தியானத்தைக் கடத்துவது எப்படி என்று அவர் மறந்துபோயிருந்தார். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்று பிலோமி சாயங்காலங்களில் கடைக்கு வர ஆரம்பித்தாள். ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடி துடைக்கும் துணிகளை மடித்து வைப்பாள்.

அப்படி ஒரு சாயங்காலம் தடித்த மீசை வைத்த ஒருவர் கண்ணாடி வாங்க வந்தார். சிமென்ட் கடைக்காரர். அவருக்குத் தயார் செய்திருந்த கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னய்யா லென்ஸ் போட்டிருக்க? தரை மேல வர்ற மாதிரி இருக்கு. தெரியலைன்னா வேற தொழில் பாக்க வேண்டியதுதானே" என்றார்.

"புது பவர் சார், ரெண்டு நாள்ல பழகிடும்" என்றார் அமலதாஸ், வழக்கமான தாழ்ந்த குரலில்.

"பழகிடுமாம்! குருட்டுப் பய மாதிரி வேலை பண்ணிட்டு…"

"யாரைப் பாத்துய்யா குருட்டுப் பயங்கிற?"

கடைக்குள் இருந்த பிரேம்கள் அதிர்ந்த மாதிரி இருந்தது. பிலோமி எழுந்து நின்றிருந்தாள். மடித்து வைத்த துணிகளெல்லாம் கீழே விழுந்து கிடந்தன. "முப்பது வருஷமா இந்த ஊருக்கே கண்ணு கொடுத்தவரு! புதுக் கண்ணாடி போட்டா தரை ஏறத்தான்யா செய்யும்! நடந்து பாரு! பொறுமையா நடந்து பாரு! ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டே, உடனே வாய்க்கு வந்தபடி… எல்லாருக்கும் அவசரம்! மழையில வண்டியை அந்த வேகத்துல எடுத்துக்கிட்டுப் போனான் பாரு… மெதுவாப் போடான்னா கேட்டானா… எத்தனை தடவை சொன்னேன்… என் தம்பி செத்துட்டான்யா!"

சிமென்ட் கடைக்காரர் திகைத்துப்போய்ப் பின்வாங்கினார். "அம்மா, நான் உங்க தம்பிய ஒண்ணும்…"

"செத்துட்டான்யா! தூக்கி வளர்த்தேன்யா அவனை!"

அவள் கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அமலதாஸின் வலது கை தானாகவே இடது மணிக்கட்டுக்குப் போனது. வெறும் தோல். உள்ளே என்ன நடக்கிறது, துடிப்பு எங்கே ஏறிக்கொண்டிருக்கிறது, எந்த நிமிஷம் தாளம் தப்பும், அவருக்கு எதுவும் தெரியாது. 'அடக்கிக்கோ' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவர் அதை விழுங்கினார். சுற்றிக்கொண்டு போய் ஸ்டூலை அவளுக்குப் பின்னால் இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். அவர் அவள் முதுகில் கையை வைத்தார். எண்ணிப் பார்க்கவில்லை. சும்மா வைத்திருந்தார்.

ரொம்ப நேரம் அழுதாள். சிமென்ட் கடைக்காரர் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். பிறகு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். புதுக் கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தார். அவருடைய மீசை ஒரு பக்கமாகக் கோணியது.

"எப்பம்மா தவறினாரு?" என்று கேட்டார்.

பிலோமி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "ஐப்பசியில" என்றாள். "மணப்பாறை ரோட்டுல. பெரிய வாய் அவனுக்கு. ஒருநாளு பாருங்க, எங்க ஃபாதர் ஒருத்தரு ஞானஸ்நானத்துல…" அதற்குள் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து அவளால் மேலே சொல்ல முடியவில்லை. மூச்சு வாங்கியது. சிமென்ட் கடைக்காரர் காத்திருந்தார். அமலதாஸும் காத்திருந்தார். அந்தக் கதை அவருக்குத் தெரியாது. அன்றைக்கு நிலைப்படியில் உட்கார்ந்தவர் என்ன சிரிப்பு என்று கேட்டிருக்கவே இல்லை.

"சொல்லு பிலோமி" என்றார்.